பழுது பார்த்தபின் ஓடாத பழைய ஜேசிபி

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் கோடையில் தூர்வாரும் மண்வாரி இயந்திரத்தை, எந்தக் கம்பெனியுடையதாயினும் ‘ஜேசிபி’ என்றே நாம் அழைக்கிறோம். அப்பெயருடைய நிறுவனம் 1979-இல் இந்தியாவுக்கு வந்தது. பழைய வண்டியொன்று பழுது பார்த்தபின்னும் நகர மறுத்தால், இடவப்பாதி மழைக்குமுன் குளத்து வேலை முடியாது. அவசரப்பட்டுக் கியர் பாக்சைப் பிரித்தாலோ பணமும் வீணாகும்.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் என்ஜின் நேரடியாகக் கியர் பாக்சைச் சுழற்றுவதில்லை. இடையிலுள்ள டார்க் கன்வர்ட்டர், சுழலும் எண்ணெயின் வழியாக விசையைக் கடத்துகிறது. முன்னும் பின்னும் செல்வதற்கான கிளட்சுகளை இறுக்குவதும் பம்ப் தரும் எண்ணெய் அழுத்தமே.

ஆகவே சோதனை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். உரிய வகை எண்ணெய் சரியான அளவில் உள்ளதா? கழற்றிய மின்கம்பிகள் சொலினாய்டில் மீண்டும் பொருந்தினவா? விசையைத் துண்டிக்கும் கியர் லீவர் பொத்தான் சிக்கியுள்ளதா? வடிகட்டி அடைத்துள்ளதா? குளிர்ந்த நிலையில் ஓடி, சூடானதும் நின்றால், தேய்ந்த சீல்கள் வழியே அழுத்தம் கசிவதாக ஐயுறலாம். அதை அழுத்தமானி உறுதி செய்யும். அழுத்தம் அறவே இல்லையெனில், என்ஜினை மீண்டும் பொருத்தியபோது கன்வர்ட்டர் பம்புடன் முழுமையாக இணையாமலே போல்ட்டுகளை இறுக்கியதால், பம்ப் உடைந்திருக்கலாம்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தபின் மருத்துவம் செய்யுமாறு வள்ளுவர் வகுத்த முறை பட்டறைக்கும் பொருந்தும். பழுது பார்த்தவரின் கைபட்ட இடமே முதலில் ஆராயத்தக்கது.