தளப் படத்தின் எண்களை உலகப் படத்தில் குறித்தல்

கிராமத்துக் கிணறு ஒன்றின் இருப்பிடத்தைக் களப் பணியாளர் தமது குறிப்பேட்டில் ‘கிழக்கே 312, வடக்கே 332’ என்று பதிவு செய்கிறார். எந்தக் கல்லிலிருந்து அளந்தார், மீட்டரிலா அடியிலா என்பன அன்று அவருக்கு நன்கு தெரியும். ஆகவே அவற்றை எழுதுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அவ்வெண்களைக் கணிப்பொறித் திரையிலுள்ள இணையப் படத்தில் இடுகிறார். கிணறு அடுத்தவர் நிலத்தில் போய் விழுகிறது. சில வேளைகளில் கடலிலேயே விழுகிறது. இக்குற்றம் கணிப்பொறியைச் சார்ந்ததன்று. இரண்டு எண்கள் மட்டும் ஓர் இடத்தைக் காட்டமாட்டா என்பதே இதன் காரணம்.

சிறு பரப்பை அளக்கும்பொழுது பூமியைத் தட்டையாகக் கருதுவது வழக்கம்; சில கிலோமீட்டர் வரை அதனால் பெரும் பிழை நேராது. ஒரு கல்லை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, அதிலிருந்து கிழக்கிலும் வடக்கிலும் உள்ள தூரங்களைக் குறித்தால் தளப்படம் ஆயிற்று. இணையப் படமோ உருண்டையான பூமியை அட்சரேகை, தீர்க்கரேகைகளால் அறிந்து, பின்னர் அதைத் தட்டையாக்கிக் காட்டுகிறது. ஆகவே நம் மீட்டர்களை முதலில் பாகைகளாக மாற்றித் தரவேண்டும்.

நாகபுரியிலுள்ள ‘ஜீரோ மைல்’ கல்லை ஆதிப்புள்ளி எனக் கொள்வோம். அது ஏறத்தாழ வடக்கு அட்சம் 21.15 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 79.08 பாகையிலும் உள்ளது. அவ்விடத்தில் அட்சத்தின் ஒரு பாகை ஏறத்தாழ 1,10,720 மீட்டர். தீர்க்கத்தின் ஒரு பாகையோ 1,03,870 மீட்டரே. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். எனவே கிழக்கே 312 மீட்டரும் 0.0030 பாகையாகிறது, வடக்கே 332 மீட்டரும் 0.0030 பாகையாகிறது. கிணற்றின் இடம் 21.1530, 79.0830 என்பதாம். இக்கணக்கை உயர்நிலைப்பள்ளி மாணவரும் தாளில் செய்து பார்க்கலாம். ஆசிரியர்கள் தத்தம் பள்ளிக் கொடிக்கம்பத்தை ஆதியாக வைத்துச் செய்வித்தல் நன்று.

இவ்வளவு தொல்லை எதற்கு, படத்திலும் மீட்டர் அளவு உண்டே, அதில் நேரே இட்டால் என்ன என்று சிலர் வினவுவர். பெரும்பாலான இணையப் படங்கள் 1569ஆம் ஆண்டில் மெர்கேட்டர் வகுத்த கோட்டுச் சட்டத்தின் ஒரு வடிவைப் பின்பற்றுவன. அச்சட்டம் கோணங்களைக் காக்கும், தூரங்களைக் காக்காது. நிலநடுக்கோட்டை விட்டு விலகுந்தோறும் படம் உப்பிக்கொண்டே போகும். அப்படத்தின் நூறு ‘மீட்டர்’ கன்னியாகுமரியில் உண்மையில் 99 மீட்டர், நாகபுரியில் 93, ஸ்ரீநகரில் 83 மட்டுமே. ஸ்ரீநகரில் நூறு மீட்டர் நீளமுள்ள வயலை இவ்வாறு நேரே இடுபவர், உழவனிடமிருந்து பதினேழு மீட்டரைப் பறித்துவிடுகிறார் என்றே சொல்லவேண்டும்!

எண்களின் வரிசையும் கவனத்திற்குரியது. சில மென்பொருள்கள் அட்சத்தை முதலில் கேட்கும். ஜியோஜேசன் என்னும் கோப்பு முறையோ தீர்க்கத்தை முதலில் கேட்கும். மாற்றித் தந்தால் நமது நாகபுரிக் கிணறு 79 பாகை வடக்கே, ஆர்க்டிக் கடலிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே தோன்றும். இத்தகைய பிழை உடனே கண்ணிற்படும் என்பதால் தீங்கு குறைவு.

கண்ணிற்படாத பிழையே கொடியது. பழைய நில அளவைத் தாள்களின் அட்ச, தீர்க்கங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் கருவிகளும் இணையப் படங்களும் கொள்வது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு நீள்கோளம். ஒன்றின் எண்களை மற்றொன்றில் அப்படியே இட்டால், நாட்டின் சில பகுதிகளில் இடம் நூறு மீட்டருக்கு மேலும் பெயர்ந்துவிடும். கிணறு அதே ஊரில்தான் இருக்கும். ஆயினும் வேறொருவர் புலத்தில் இருக்கும். 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியான திறந்த வரிசைப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84ஐயும் யு.டி.எம். சட்டத்தையும் மேற்கொண்டன. இச்சட்டத்தில் கிழக்கெண் ஆறு இலக்கமாகவும், வடக்கெண் பெரும்பாலும் ஏழு இலக்கமாகவும் இருக்கும். இந்தியா 42 முதல் 47 வரையிலான மண்டலங்களில் பரவியுள்ளது. ஒரே கிழக்கெண் ஒவ்வொரு மண்டலத்திலும் மீண்டும் வருமாதலால், மண்டல எண்ணையும் தாளில் எழுதியாக வேண்டும்.

பள்ளிக் கட்டிடத்தின் வரைபடம் போன்றவற்றிற்கு உலகத்தில் இடம் தேடவேண்டுவதில்லை. 2011இல் வெளிவந்த லீஃப்லெட் என்னும் இலவச மென்பொருளில், பூமியைக் கருதாது வெறும் தளமாகவே படத்தைக் காட்டும் வழி உண்டு. அங்கு முதல் நிலையில் ஓர் அலகு திரையில் ஒரு பிக்சல். பெரிதாக்கும் ஒவ்வொரு படியிலும் அது இரட்டிக்கும். ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்: படக் கோப்புகளில் எண்ணிக்கை மேல் விளிம்பில் தொடங்கிக் கீழ்நோக்கி வளரும், கணித வரைபடத்திலோ மேல்நோக்கி வளரும். இதை மறந்தவருக்குக் கட்டிடம் தலைகீழாய்த் தெரியும்.

ஆதிப்புள்ளியின் இடமே தெரியாத பழைய தளப்படம் கிடைத்தால் என் செய்வது? தளப்படத்திலும் நிலத்திலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க இரு புள்ளிகளை, கோயில் மூலை, பாலத்தின் முனை போன்றவற்றை, தேர்ந்து அவற்றின் இடங்களைக் கருவியால் அளக்கவேண்டும். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இயன்றவரை தொலைவில் இருத்தல் நலம். அவற்றைக் கொண்டு பெயர்ச்சி, சுழற்சி, அளவுவீதம் மூன்றையும் கணிக்கலாம். அளவுவீதம் பழைய சங்கிலியையும் காட்டிக்கொடுக்கும்: 66 அடிச் சங்கிலி 20.12 மீட்டர், அதை 20 மீட்டர் என எண்ணி எழுதியிருந்தால் வீதம் 1.006 என வரும். கணக்கில் சேராத மூன்றாவது புள்ளி ஒன்றையும் அளந்து வைத்துக்கொள்வது அவசியம். கணக்கின்படி அது விழும் இடத்திற்கும், நிலத்தில் அது இருக்கும் இடத்திற்கும் சில மீட்டர் வேறுபாடு காணப்பட்டால், மூன்றனுள் ஒன்று தவறாக அளக்கப்பட்டிருக்கலாம். அல்லது தளப்படமே பிழையுடையதாயிருக்கலாம். அப்பொழுது திரையில் திருத்தம் செய்ய முயலாது, நாடாவை எடுத்துக்கொண்டு மீண்டும் களத்திற்குச் செல்லவேண்டும்.