முதிய நாயும் ஏழு கேள்விகளும்

நோயுற்ற மனிதரிடம், "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம். "நேற்றைக்கு இன்று தேவலை" என்று அவர் விடை சொல்கிறார். நோயுற்ற நாயிடம் இக்கேள்வியைக் கேட்க வழியில்லை. அது பேசாது என்பது மட்டுமன்று. வலியை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு.

ஆகவே, முதுமையடைந்த நாயைக் குறித்து வீட்டாரிடையே இருவேறு கருத்துகள் எழுகின்றன. "இன்னும் ஏன் வதைபட வேண்டும்? ஊசி போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "சோறு தின்கிறதே, வாலாட்டுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது" என்பார் மற்றவர். இருவரும் அன்புடையவரே. ஆயினும், ஒருவர் தம் இரக்கத்தையும் மற்றவர் தம் பிரிவாற்றாமையையும் கூறுகின்றனரேயன்றி, நாயின் நிலையைக் கூறுகின்றாரில்லை.

நாயின் நிலையை அறிய வழி உண்டா? உண்டு. அமெரிக்க நாட்டுக் கால்நடை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவ வல்லுநருமான அலீஸ் வில்லலோபாஸ் என்னும் அம்மையார் 2004ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் ஏழு தலைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 10 என்பது நல்ல நிலை. மொத்தம் 70க்கு 35க்கு மேல் இருந்தால், பராமரிப்பைத் தொடர்வது தகும் என்பது அவர் கருத்து. அவ்வேழையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வலி. முனகினால்தான் வலி என்று எண்ணலாகாது. இரவில் காரணமின்றி இரைப்பது, படுக்கையில் மாறி மாறிப் புரள்வது, ஓரிடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, தொட்டால் சீறுவது ஆகியனவும் வலியின் மொழியே. மூச்சும் இத்தலைப்பில் அடங்கும். நாய் அயர்ந்து உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தொடர்ந்து 30க்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இரண்டாவது பசி. உணவை ஆவலுடன் அணுகி, முகர்ந்துவிட்டுத் திரும்பினால், குமட்டலோ பல்வலியோ இருக்கலாம். வாரந்தோறும் எடை பார்ப்பது நலம். நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, நம் எடையைக் கழித்தால் போதும்.

மூன்றாவது நீர்ச்சத்து. பிடரித் தோலை மெல்ல இழுத்து விட்டால் அது உடனே படிய வேண்டும். முதிய நாய்க்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்குமாதலால், ஈறு ஈரமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது தூய்மை. தன் சிறுநீரிலேயே கிடக்கிறதா? படுக்கைப்புண் உண்டா? ஐந்தாவது மகிழ்ச்சி. அந்த நாய் முன்பு விரும்பிச் செய்தவற்றுள் இன்னும் எவற்றைச் செய்கிறது? ஆறாவது நடமாட்டம். இதற்கு அளவுக்கு மேல் முதன்மை தர வேண்டா. மூன்று காலுடன் மகிழ்ந்து வாழும் நாய்கள் பல. ஏழாவது, தீய நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்துள்ளனவா என்பது. நாட்காட்டியில் நல்ல நாளுக்கு வட்டமும் தீய நாளுக்குப் பெருக்கல் குறியும் இட்டு வந்தால், மாத முடிவில் விடை தானே தெரியும்.

இவற்றை மனத்திலேயே வைத்துக்கொண்டால் போதாதா, எழுதவும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். தளர்ச்சி ஒரே நாளில் வருவதன்று. நாம் இன்றைய நாளை நேற்றோடு ஒப்பிடுகிறோம். மூன்று மாதத்துக்கு முந்திய நாளோடு ஒப்பிடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை நினைவிலிருந்து எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?

தில்லியில் நம் சங்கத்து மாணவர் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் உண்ணச் செல்லும் வீடு ஒன்று உண்டு. அவ்வீட்டு அம்மையாரை எல்லோரும் அத்தை என்றே அழைக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில். துணை, பதின்மூன்று வயது நாட்டு நாய் டைகர். சென்ற குளிர்காலத்தில் அது எழுந்து நிற்கவே திணறியது. "தம்பி, சயின்ஸ் படிக்கிறியே, இவன் கஷ்டப்படறானா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லேன்" என்றார் அத்தை.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அத்தையும் நானும் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், மதிப்பெண் இட்டோம். என் கணக்கில் முதல் வாரம் வந்த எண்கள்: வலி 2, பசி 8, நீர் 7, தூய்மை 4, மகிழ்ச்சி 4, நடமாட்டம் 2, நல்ல நாட்கள் 4. மொத்தம் 31. அத்தையின் கணக்கு 33. இரண்டும் 35க்குக் கீழே! ஆனால் கூட்டுத்தொகையைவிட அதன் உறுப்புகளே மிகுதியாகப் பேசின. குறைந்தவை வலியும் நடமாட்டமும். மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இடுப்பு மூட்டைச் சோதித்து, மூட்டு வாதத்துக்கு மருந்து தந்தார். வழுக்கும் மொசைக் தரையில் கோணிச் சாக்கு விரித்தோம், நகங்களை வெட்டினோம். நான்காம் வாரம் மொத்தம் 46.

ஆகவே குறைந்த மதிப்பெண் என்பது மரணத் தீர்ப்பு அன்று. எதைச் சீர்செய்யலாம் என்று அது முதலில் காட்டுகிறது. சீர்செய்ய ஒன்றுமில்லை என்றபோதுதான் அடுத்த கேள்வி எழுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குத் தரவே கூடாது. ஐபுபுரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடும். இறுதி ஊசியும் மருத்துவர் கையால்தான். அளவு மிகுந்த மயக்க மருந்தால் முதலில் நினைவு நீங்கும். பிறகே மூச்சும் இதயமும் நிற்கும்.

டைகர் இன்றும் இருக்கிறது. ஆயினும் பதின்மூன்று வயது திரும்பிப் போவதில்லை. நாட்காட்டியில் பெருக்கல் குறிகள் மெல்லக் கூடி வருகின்றன. நோட்டின் முதல் பக்கத்தில் அத்தை தம் கையால் எழுதியிருக்கிறார்: "செருப்புச் சத்தம் கேட்டுத் தலைதூக்குவது. தயிர் சாதம் நக்குவது. தானே எழுந்து வாசலுக்குப் போவது. இதில் இரண்டு ஒரு வாரம் இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிடுவேன்."

மனம் தெளிந்திருக்கும் நாளில் எழுதிய அந்த வரி, மனம் கலங்கும் நாளில் அவருக்குத் துணை நிற்கும். ஊரில் உங்கள் வீட்டிலும் ஒரு முதிய நாய் இருக்கலாம். அடுத்த கடிதத்திலோ தொலைபேசியிலோ, "நாய் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளாதீர்கள். இந்த ஏழையும் கேளுங்கள். வரும் விடைகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.