ஊழிக்குப் பின் யார் மிஞ்சுவார்கள்?

திருநங்கையை மையமாகக் கொண்ட தமிழ்ப் பேய்ப்படம் என்றதும், சென்னையானாலும் மலேசியாவின் சுங்கை பாக்காப் ஆனாலும், பெரும்பாலோர் சொல்வது ‘காஞ்சனா’வைத்தான். ராகவா லாரன்ஸ் இயக்கி 2011-இல் வந்த அந்தப் படத்தில் சரத்குமார் ஏற்ற பாத்திரம், வீட்டாரால் விரட்டப்பட்ட ஒரு திருநங்கை. தன்னைப் போன்ற இன்னொருத்தியை ஆளாக்கி மருத்துவம் படிக்கவைக்கிறாள். மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். நிலத்தைப் பறித்தவர்கள் அவளைக் கொல்கிறார்கள். பேயாகத் திரும்பிப் பழிதீர்க்கிறாள். பெரும்பாலும் கேலிக்குரிய துணைப் பாத்திரமாகவே திருநங்கைகளைக் காட்டிவந்த தமிழ்த் திரையில், அரங்கமே அவள் பக்கம் நின்றது பெரிய மாற்றம்தான். ஆனால் அவளுக்கு நீதி கிடைக்க அவள் சாக வேண்டியிருந்தது. 2020-இல் இந்தியில் மறுபடி எடுத்தபோதும் இதே கதைதான். செத்தவள்மேல் இரக்கப்படுவது எளிது. உயிரோடிருப்பவளைத் தம்மில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வதுதான் கடினம். அதைச் சோதித்துப் பார்க்கப் பேய்க்கதையைவிட, உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்களைப் பற்றிய திகில் கதையே பொருத்தமானது என்பேன்.

இவ்வகைக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. மலாய் மொழியில் ‘ஸோம்பி கம்போங் பிசாங்’ 2007-லும் தமிழில் ‘மிருதன்’ 2016-லும் வந்துவிட்டன. நோய் பரவும், ஒழுங்கு குலையும், மிஞ்சியவர்கள் ஓடுவார்கள். மிஞ்சியவர்கள் யார் என்பதை மட்டும் கதை தானே முடிவு செய்துவிடும். 2002 முதல் 2008 வரை வெளிவந்த ‘ஒய்: தி லாஸ்ட் மேன்’ என்ற அமெரிக்கச் சித்திரக்கதையில், ஒய் குரோமோசோம் உள்ள பாலூட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மடிகின்றன, ஓர் இளைஞனும் அவன் வளர்க்கும் குரங்கும் பிழைக்கிறார்கள். அந்தக் குரோமோசோம் உள்ள திருநங்கைகளும் அன்றே செத்திருப்பார்கள். அது இல்லாத திருநம்பிகள் ஆண்களாகவே உயிரோடிருப்பார்கள். பிறகு அவன் எப்படிக் கடைசி ஆண் ஆவான்? 2021-இல் அது தொலைக்காட்சித் தொடரானபோதுதான் ஒரு திருநம்பி முக்கியப் பாத்திரமாக இடம்பெற்றார். திருநங்கைகளே எழுத வந்தபோது கேள்வி தலைகீழானது. டோரி பீட்டர்ஸ் 2016-இல் வெளியிட்ட குறுநாவலில், ஒரு தொற்று மனித உடலின் பாலின ஹார்மோன் சுரப்பையே நிறுத்திவிடுகிறது. திருநங்கைகள் காலமெல்லாம் பட்ட மருந்துத் தவிப்பு எல்லோருடையதும் ஆகிறது. கிரெட்சன் ஃபெல்கர்-மார்ட்டினின் ‘மேன்ஹன்ட்’ 2022-இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் மிகுந்த உடல்களை வெறிபிடித்த மிருகமாக்கும் நோய் அதில் பரவுகிறது. ஈஸ்ட்ரோஜன் தீர்ந்தால் தாங்களும் அப்படி ஆகிவிடுவோம் என்ற அச்சத்தோடு இரண்டு திருநங்கைகள் அலைகிறார்கள். மிருகங்கள் ஒருபுறம் துரத்த, திருநங்கைகளைப் பெண்களாக ஏற்காத பெண்களின் ஆயுதப்படை மறுபுறம் வேட்டையாடுகிறது. கதையில் எனக்கு அதிகக் கலக்கம் தந்தது அந்தப் படைதான். அது நோயால் வந்ததல்ல, பழைய உலகிலிருந்தே வந்தது.

உலகமே அழியும் வேளையில் யார் ஆண், யார் பெண் என்று பார்க்க யாருக்கு நேரம் என்று கேட்கலாம். பேரிடர்களின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். அதே அலை தாக்கிய தமிழ்நாட்டில் திருநங்கைகள் பலர் நிவாரணப் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்று சமன் பிஞ்சாவும் ஹரி கிருஷ்ணாவும் 2008-இல் எழுதினார்கள். குடும்ப அட்டை இல்லாதவரை இழப்புக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? 2020 ஏப்ரலில் கோவிட் ஊரடங்கின்போது பனாமா நாடு பெண்களுக்குச் சில நாள், ஆண்களுக்குச் சில நாள் என்று வெளியே போகும் நாளைப் பிரித்தது. அடையாள அட்டையில் ஒரு பாலும் தோற்றத்தில் இன்னொரு பாலுமாக இருந்த திருநங்கைகளை இரண்டு நாட்களிலும் காவலர்கள் நிறுத்தினார்கள். சிலருக்குத் தண்டமும் விதித்தார்கள். நம் மலேசிய அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அப்படி ஓர் ஆணை இங்கே வந்திருந்தால் அந்த ஓர் இலக்கமே போதும். ஊழி வந்ததும் பாகுபாடு கரைந்துபோகும் என்பதுதான் உண்மையில் கற்பனை.

இக்கதைகளைத் திருநங்கைகளே எழுத வேண்டும் என்பதற்கு வரும் இன்னொரு மறுப்பு வலுவானது. சு.சமுத்திரம் 1990-களில் திருநங்கைகளைப் பற்றி ‘வாடாமல்லி’ எழுதினார். அவர் திருநங்கை அல்ல, ஆனாலும் அந்த நாவல் பலர் கண்ணைத் திறந்தது. பிறகு யார் எழுதினால் என்ன? துயரத்தை வெளியிலிருந்து பார்த்து நேர்மையாக எழுத முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சம் வேறு. திகில் கதை எதைக் கண்டு அஞ்சச் சொல்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வெளியிலிருந்து எழுதியவர்களின் திகிலில் பெரும்பாலும் திருநங்கையின் உடலே அச்சப் பொருளாகிவிடுகிறது. ‘காஞ்சனா’கூட முதல் பாதியில் அப்படித்தான் பயமுறுத்துகிறது. உள்ளிருந்து எழுதுபவருக்கோ அடையாள அட்டையைக் கேட்கும் கை, பூட்டிக்கிடக்கும் மருந்தகம், அடைக்கலம் கேட்டுப் போன இடத்தில் திறக்காத கதவு ஆகியவையே திகில். ‘மேன்ஹன்ட்’டின் கோரம் எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதும் உண்மை; இந்த அச்சங்களைச் சொல்ல அவ்வளவு இரத்தம் தேவையும் இல்லை.

நம் மரபிலேயே இதற்கு விதை இருக்கிறது. ஒரு யுகத்தையே முடித்துவைத்த பாரதப் போருக்காகப் பலியாகும் அரவானை, கண்ணனின் பெண்ணுருவான மோகினி மணக்கிறாள். அவன் இறந்தபின் உயிரோடிருந்து அழுகிறாள். தமிழ்நாட்டின் கூவாகம் திருவிழாவில் திருநங்கைகள் ஆண்டுதோறும் ஏற்பது அவளுடைய இடத்தைத்தான். அந்தக் கதையில் அவர்கள் பேய்கள் அல்லர், அழிவுக்குப் பின் மிஞ்சியவர்கள். பிரியா பாபு, ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா போன்றோர் தங்கள் மக்களின் வாழ்வைத் தமிழில் எழுதி வழி திறந்திருக்கிறார்கள். மலேசியத் தமிழ் இதழ்களும் சிறுகதைப் போட்டி நடத்தும் சங்கங்களும் திருநங்கை, திருநம்பி எழுத்தாளர்களிடம் தன்வரலாற்றை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், திகில் கதையும் கேட்டு வாங்கிப் பதிப்பிக்க வேண்டும்.