எட்டு பவுண்ட் கிட்டார்!

வீட்ல போய், “எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்ப்பா”ன்னு கேட்டுப் பாருங்க. “முதல்ல அரியரை க்ளியர் பண்ணு”ன்னு பதில் வரும். எங்க வீட்ல எனக்கு வந்தது!

1963-ல் லண்டனை ஒட்டின ஃபெல்தம்ல இருந்த 16 வயசுப் பையன் ப்ரையன் மேயும் நம்ம கேஸ்தான். கடையில தொங்கின கிட்டார் எல்லாம் வீட்டு வருமானத்துக்கு எட்டாத விலை. ஆனா அவரோட அப்பா ஹரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர், கைவேலையிலும் கில்லாடி. அப்பாவும் பையனும் உட்கார்ந்து, சுமார் ரெண்டு வருஷத்துல ஒரு கிட்டாரை செஞ்சே முடிச்சுட்டாங்க. மொத்தச் செலவு எட்டு பவுண்ட் சொச்சம்!

எதுல செஞ்சாங்கன்னு கேட்டா அசந்துடுவீங்க. கழுத்துப் பகுதி, அதான் பாஸ் நெக், குளிர்காய நெருப்பு மூட்டுற அடுப்போட பழைய மஹோகனி சட்டம். அதுல பூச்சி அரிச்ச ஓட்டைகள் வேற. தீக்குச்சியைச் சொருகி அடைச்சார் ப்ரையன்! உடம்புக்கு ஒரு பழைய ஓக் மேஜை. நெக்ல வெள்ளையா மின்னுற புள்ளிகள், அம்மாவோட தையல் பெட்டியில இருந்த சிப்பி பட்டன்கள். கம்பியை இழுத்து சுருதியை நெளிய வைக்கிற ட்ரெமலோவுக்கு மோட்டார் பைக் வால்வ் ஸ்பிரிங். அதோட கைப்பிடி நுனியில அம்மாவோட ஸ்வெட்டர் பின்னுற ஊசித் துண்டு. பாவம் அந்தம்மா, ரெண்டு வருஷமா என்னென்ன காணாமப் போச்சோ!

‘ரெட் ஸ்பெஷல்’னு பேர் வாங்கின அந்த கிட்டார்தான் பின்னாடி ‘குயின்’ குழுவோட குரலாவே ஆச்சு. 1975-ல் வந்த ‘போஹிமியன் ராப்ஸடி’யில நடுவுல அழுதுட்டே ஏறுமே ஒரு ஸோலோ... அதே அடுப்புச் சட்டம்தான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில நின்னு ப்ரையன் வாசிச்சதும் இதையேதான்.

சரி, நாம இறங்கலாமா? மரவேலையில நீங்க பூஜ்யம்னா முதல் கிட்டாருக்கு உடம்பை மட்டும் செய்யுங்க, நெக்கை ரெடிமேடா வாங்கிடுங்க. இதைச் சொல்ற நான் கேட்கலைங்கிறது வேற கதை. மரம் எதுவா இருந்தாலும் நல்லா காய்ஞ்சிருக்கணும். ஈரமரம் ரெண்டே மாசத்துல முறுக்கிக்கும். பழைய கதவு, கட்டில் பலகை கிடைச்சா அதிர்ஷ்டம். நாலரை சென்டிமீட்டர் தடிமன் போதும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். அதைத் தாங்கத்தான் நெக்குக்கு உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுது.

பிக்கப்பை நினைச்சு பயப்படாதீங்க. ப்ளஸ் டூவில படிச்ச ஃபாரடேதான். காந்தத்தைச் சுத்தி மயிரிழை மாதிரி செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தா சுருள்ல கரன்ட் பிறக்கும். ப்ரையன் முதல்ல தானே சுத்திப் பார்த்தார். கம்பியைப் பக்கவாட்டுல வளைச்சா வேண்டாத சத்தம் வந்தது. கௌரவம் பார்க்காம கடையில மூணு பர்ன்ஸ் பிக்கப் வாங்கி மாட்டிட்டார்.

உண்மையான கண்டம் எங்கே தெரியுமா? ஃப்ரெட்! நம்ம வீணையிலயும் 24 மெட்டு, ரெட் ஸ்பெஷல்லயும் 24 ஃப்ரெட். ஆனா வீணையில மெழுகுல பதிக்கிறாங்க, காதால கேட்டுக் கேட்டு நகர்த்தலாம். கிட்டார்ல மரத்தை அறுத்து அடிச்சு இறக்கிடுறோம். அப்புறம் மன்னிப்பே கிடையாது.

கணக்கு சிம்பிள்தான். கம்பி தொடங்குற நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளத்தை 17.817-ஆல வகுத்தா முதல் ஃப்ரெட். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தா அடுத்தது. ரெட் ஸ்பெஷல் மாதிரி 24 அங்குலம்னா 609.6 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 34.2-ல், பன்னிரண்டாவது சரியா பாதியில, 304.8-ல். இதுக்காக 1581-லேயே பதினெட்டுக்குப் பதினேழுன்னு ஒரு விகிதம் எழுதிவெச்சவர் வின்சென்ஸோ கலிலி. நம்ம கலிலியோவோட அப்பா! அதுல கூட்டிக்கிட்டே போனா பன்னிரண்டாவது, பாதியைத் தொடாம கொஞ்சம் முன்னாடியே நின்னுடும்.

நான் கணக்குல தப்பலை, ஸ்கேல்ல தப்பினேன். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தின ஃப்ரெட்ல இருந்து அளந்தேன். ஒவ்வொண்ணுலயும் கால் மில்லிமீட்டர் கூடினா பன்னிரண்டுல என்ன ஆகும்? மூணு மில்லிமீட்டர்! வார்னிஷ் அடிச்சு, கம்பி கட்டி, ஆம்ப்ல சொருகி, நண்பர்கள் முன்னாடி ஒரு கார்டு பிடிச்சேன். ஒருத்தன் எழுந்து ஃபேனை நிறுத்தினான். சத்தம் அங்கேருந்து வருதுன்னு நினைச்சிருக்கான்!

ஸோ, எல்லா அளவையும் நட்டில் இருந்தே எடுங்க. பென்சில் வேண்டாம், கத்தி முனையால கீறுங்க. கீறினதும் ஒரு ராத்திரி விட்டுட்டு, காலையில இன்னொரு தடவை அளந்துட்டு ரம்பத்தைத் தொடுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ராத்திரி பகலா கிட்டார் செஞ்சு கொடுத்த அதே ஹரால்டுக்கு, வான இயற்பியல் பிஎச்.டி-யைப் பாதியில விட்டுட்டுப் பையன் மேடைக்குப் போனது பிடிக்கலை. அந்தப் பட்டத்தை ப்ரையன் 2007-ல் வாங்கினார். அப்போ அப்பா இல்லை.

என் பழைய ஃப்ரெட் பலகையை உளியால நெம்பி எடுத்துட்டு, புதுசு போட ஆறு வாரம் ஆச்சு. பதினேழாவது ஃப்ரெட் இப்பவும் லேசா கொர்ருங்குது. அறுக்கும்போது பலகை நகராம ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சிருந்தது, அரியரை க்ளியர் பண்ணச் சொன்ன அதே ஆசாமிதான். ரம்பம் கோணுச்சுன்னா, “நட்டில் இருந்து அளந்தியாடா?”ன்னு ஒரு கேள்வி வேற.