நீருக்கு மார்க் போடும் சின்ன மீன்

தங்காக்கிற்குத் துணி எடுக்கப் போகாத தோட்டத்துக் குடும்பம் இந்த வட்டாரத்தில் இருக்குமா? அடுத்த முறை போகும்போது, வாசகர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்படியே மூவார் வரை போய் வாருங்கள். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தைக் காட்டுங்கள். முழு உப்பும் இல்லாத, நல்ல தண்ணீரும் இல்லாத இத்தகைய உவர்நீர்தான் ஒரு சின்ன மீன் கூட்டத்திற்குப் பிடித்தமான இடம்.

ஆங்கிலத்தில் அதைச் சில்வர்சைட் என்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பின் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு வெள்ளிக்கோடு. பார்த்தவுடன் நெத்திலி என்றே நினைப்போம். ஆனால் நெத்திலிக்கு முதுகில் ஒரே துடுப்பு, இதற்கு இரண்டு. நெத்திலியின் வாய் மூக்குக்கு அடியில் இருந்து கண்ணையும் தாண்டிப் பிளக்கும்; இதன் வாய் சிறியது, முகத்தின் நுனியில் இருக்கும். நெத்திலி மத்திக்கு உறவு என்றால், இது பறக்கும் மீனுக்கு உறவு!

தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே இதன் ஆகாரம். முட்டைகளில் நூல் போன்ற இழைகள் இருக்கும். அவை கடற்பாசியிலும் புல்லிலும் ஒட்டிக்கொள்ளும். பெரிய மீன்களும் கடற்பறவைகளும் இதைத் தின்றுதான் பிழைக்கின்றன. சின்ன மீன் அழிந்தால் பெரிய மீன் வலைக்கு வராது; நம் குழம்புச் சட்டிக்கும் வராது.

இந்த மீனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அமெரிக்காவில் கழிவுநீரைச் சோதிக்க இதன் உறவுக்கார மீன் ஒன்றின் குஞ்சுகளைப் பயன்படுத்துகிறார்கள். கழிவு கலந்த நீரில் 7 நாள் விட்டு, எத்தனை பிழைத்தன, எவ்வளவு வளர்ந்தன என்று கணக்கெடுப்பார்கள். அந்தப் பரீட்சையில் யாருடைய சிபாரிசும் செல்லாது.

"அமெரிக்கா சங்கதி நமக்கெதற்கு?" என்று கேட்காதீர்கள். லேடாங் மலையில் பிறக்கும் ஓடைகள் பால்மரக் காட்டையும் செம்பனைக் காட்டையும் கடந்து, கடைசியில் மலாக்கா நீரிணையில்தான் சேருகின்றன. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர் ஆற்றில் அழுகும்போது, மீன் மூச்சுவிட வேண்டிய பிராணவாயுவை விழுங்கிவிடும். அதனால்தான் 1974-ல் சுற்றுச்சூழல் சட்டம் வந்தது. 1977-ல் எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. ஒரு லிட்டர் கழிவுநீர் 5,000 மில்லிகிராம் வரை பிராணவாயுவை விழுங்கலாம் என்று 1978-ல் இருந்த வரம்பு, 1984-ல் 100 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் இருந்தும் கழிவைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 மார்ச்சில் நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று.

ஆலைக்குச் சட்டம் உண்டு. நமக்கு? மருந்தடிக்கும் பம்பை ஓடையில் அலசுவது யார்? களைக்கொல்லி டின்னைத் தண்ணீரில் வீசுவது யார்? ஓடைதானே, அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறோம். எங்கே போகும்? அந்தக் கழிமுகத்திற்குத்தான்.

பிள்ளைகளுக்குக் கணக்கும் இலக்கணமும் சொல்லிக்கொடுக்கிறோம். நம் லயத்துப் பக்கம் ஓடும் தண்ணீர் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதையும் சொல்லிக்கொடுப்போம். பம்பை ஓடைக்கு எட்டத்தில் வைத்து அலசினால் போதும், காசு செலவில்லை.