உங்கள் தோல் எந்த வகை?

"டாக்டர், பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். வெயில்ல போனா முகமெல்லாம் எரியுதுங்கறா. ஏதாவது மூலிகைப் பவுடர் கொடுங்க" என்றார் அந்த அம்மா.

பெண்ணின் கன்னங்கள் சிவந்திருந்தன. தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. விசாரித்ததில், தோழி சொன்னாளென்று மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கி ஆறு மாதமாகத் தடவி வந்திருக்கிறாள். "முதல் மாசம் பளிச்சுனு இருந்துச்சு டாக்டர்" என்றாள். ட்யூபை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு களிம்பு!

பவுடர் எதுவும் நான் கொடுக்கவில்லை. தோல் நோய் நிபுணரிடம் அனுப்பி வைத்தேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று அடுக்கு

உடம்பிலேயே பெரிய உறுப்பு தோல்தான். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும்.

மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே வந்து செதிலாக உதிர்கின்றன. இதற்குச் சுமார் 4 வாரம் ஆகும். அதனால், 'நாலே நாளில் புதிய முகம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் செல்களும் இங்கேதான் உள்ளன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். தயாராகும் மெலனின்தான் வித்தியாசப்படுகிறது. கறுப்பு நிறம் குறையல்ல, வெயிலுக்கு இயற்கை பிடித்த குடை!

உள்தோலில் ரத்தக் குழாய்கள், நரம்புகள், முடி வேர்கள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அதற்கும் கீழே மெத்தை போலக் கொழுப்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை

காலையில் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம், தாடையில் ஒற்றிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ப்பசைத் தோல். எதுவும் ஒட்டாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் வறண்ட தோல். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஒட்டினால் கலப்புத் தோல். எண்ணெயும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் சாதாரணத் தோல். எதைப் பூசினாலும் எரிச்சல், அரிப்பு வந்தால் அது மென்னுணர்வுத் தோல்.

சித்த மருத்துவத்தில் வறட்சியை வாதத்தோடும், சூட்டையும் சிவப்பையும் பித்தத்தோடும், எண்ணெய்ப் பசையைக் கபத்தோடும் சேர்த்துப் பார்ப்போம்.

என்ன செய்யலாம்?

வறண்ட தோல்காரர்கள் சோப்பைக் குறையுங்கள். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்ப்பசைத் தோல்காரர்கள் பாசிப்பயறு மாவு போட்டு தினம் இரண்டு வேளை முகம் கழுவினால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மென்னுணர்வுத் தோல்காரர்கள் எந்தப் புதுப் பொருளையும், அது மூலிகையானாலும் சரி, முன்கையில் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போவது யாருக்குமே ஆகாது. தோல் வெந்து கறுத்துவிடும்.

அந்த ட்யூப் செய்தது என்ன?

ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்துதான். தேவையான நோய்க்கு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்தான். சிவப்பழகுக்காக மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் பல மடங்காகும். அதனால் நிறுத்துவதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. இருந்தும் தோழிகள் சிபாரிசு நிற்கவில்லை.

அந்தப் பெண் நிச்சயதார்த்தத்துக்குச் சிவந்த முகத்தோடுதான் உட்கார்ந்தாள். முகம் தேறப் பல மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு ட்யூப் இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.