ஈஸ்ட்டுக்குச் சமைப்போம்: கோல்ஷ் பீர் எப்படி உருவாகிறது?

பீரை உண்மையில் தயாரிப்பது மனிதர் அல்ல, ஈஸ்ட். மனிதர் செய்வது சமையல் வேலை மட்டும்: ஈஸ்ட்டுக்குப் பிடித்த இனிப்புக் கஞ்சி ஒன்றைக் காய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, அதற்கு ஒத்துவரும் சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. இந்த ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டால், வீட்டில் பீர் காய்ச்சும் வேலையில் எந்தப் படி எதற்காக இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதல்முறை காய்ச்சிப் பார்க்க உலகெங்கும் பலர் தேர்ந்தெடுக்கும் பீர்களில் ஒன்று கோல்ஷ். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரத்தின் பீர் இது. வைக்கோல் நிறம், கண்ணாடித் தெளிவு, சுமார் 5 சதவீத ஆல்கஹால், மெல்லிய கசப்பு, எங்கோ தொலைவில் ஒரு பழ வாசனை. 1986-ல் அந்த வட்டாரத்தின் 24 பீர் ஆலைகள் கூடி, கோல்ஷ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் போட்டன. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் இதற்கு உண்டு. ஆகவே ஒன்றியத்துக்குள் வேறு ஊரில் காய்ச்சியதைக் ‘கோல்ஷ்’ என்ற பெயரில் விற்க முடியாது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். எனவே இங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்ற விளக்கம். அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்குச் செய்முறையும்கூட. அளவுகள் எல்லாம் 20 லிட்டர் பீருக்கு.

1. முளைகட்டிய தானியம்

ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும். பார்லியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்ட்டால் நேராகச் சாப்பிட முடியாது. ஆனால் தானியம் முளைவிடும்போது, தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் நொதிகளை உண்டாக்குகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கிறோமே, அதே வேலைதான் இங்கேயும். பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீளும் முன் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். இதன் பெயர் மால்ட்.

பீரின் நிறம் பெரும்பாலும் இந்த உலர்த்தலிலேயே முடிவாகிவிடுகிறது. அதிகம் வறுத்தால் கறுப்பு, குறைந்த சூட்டில் உலர்த்தினால் வெளிர் மஞ்சள். கோல்ஷுக்கு வேண்டியது வெளிர் நிறமுள்ள பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ. நுரை நன்றாக நிற்க 250 கிராம் கோதுமை மால்ட்டும் சேர்க்கலாம். கடையிலேயே உடைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாவாக அரைக்கக் கூடாது. உள்ளே இருப்பது ரவைபோல உடைய வேண்டும், உமி முழுசாக நிற்க வேண்டும். அந்த உமிக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

2. வெந்நீரில் ஊறல்

அடுத்து, 13 லிட்டர் தண்ணீரை 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மால்ட்டைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். தானியம் குளிர்ந்திருப்பதால் கலவை 65 டிகிரிக்கு இறங்கும். அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். கனமான போர்வையால் பாத்திரத்தைச் சுற்றினாலே சூடு பெரிதாக இறங்காது.

உள்ளே என்ன நடக்கிறது? மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அதை இரண்டு நொதிகள் வெட்டுகின்றன. கரும்பு வெட்டும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கரும்பை நடுநடுவே பெரிய துண்டுகளாகப் போடுகிறார். மற்றவர் துண்டின் நுனியிலிருந்து ஒரே அளவில் சிறுசிறு துண்டாக நறுக்கிக்கொண்டே வருகிறார். முதலாமவருக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும், இரண்டாமவருக்கு 60 முதல் 65 வரை. 65-ல் இருவருமே வேலை செய்வார்கள். சூடு ஏறினால் இரண்டாமவர் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார். ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய துண்டுகள் மிஞ்சும், பீர் கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். கோல்ஷ் லேசாக, வறட்சியாக முடிய வேண்டும். ஆகவேதான் 65.

அந்த ஒரு மணி நேரம் முடியும்போது மூடியைத் திறந்தால் ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும். அதுவும் மால்ட்தானே! வேலை முடிந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, அதன்மேல் ஒரு துளி அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் பாக்கி. அயோடின் தன் நிறத்திலேயே இருந்தால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. சோதித்த சொட்டைக் கொட்டிவிட வேண்டும், பாத்திரத்தில் திரும்பச் சேர்க்கக் கூடாது.

3. முதல் பால், இரண்டாம் பால்

இப்போது சாற்றை வடிக்க வேண்டும். தேங்காய்ப்பால் எடுக்கும் முறையே இதற்கும். முதலில் கெட்டியான முதல் பால் வரும். சக்கையில் இன்னும் இனிப்பு ஒட்டியிருக்கும், எனவே சுமார் 75 டிகிரி வெந்நீரை 16 லிட்டர் அளவுக்கு மெதுவாக ஊற்றி இரண்டாம் பால் எடுக்கிறோம். உமியை முழுசாக விடச் சொன்னது இதற்காகத்தான்: பாத்திரத்தின் அடியில் உமி படுக்கைபோலப் படிந்து, தானே வடிகட்டி ஆகிவிடும். முதலில் கலங்கலாக வரும் சாற்றை மறுபடி மேலே ஊற்றினால் சிறிது நேரத்தில் தெளிவாக இறங்கும். நீரின் சூடு 78-ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். கடைசியில் 25 லிட்டரை ஒட்டி இனிப்புச் சாறு கிடைக்கும். இதற்கு வோர்ட் என்று பெயர். சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம்.

4. கொதியும் ஹாப்ஸும்

வோர்ட்டை மூடாமல் 90 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பில்ஸ்னர் மால்ட்டில், வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை தரும் ஒரு கந்தகப் பொருள் உருவாகும். அது ஆவியோடு போய்விட வேண்டும். மூடி போட்டால் சொட்டிச் சொட்டித் திரும்பப் பாத்திரத்துக்கே வரும்.

கொதியில்தான் ஹாப்ஸ் சேர்கிறது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பவேரியாவின் ஹாலர்டாவ் வட்டாரத்து ஹாப்ஸும் டெட்நாங், ஷ்பால்ட் வகைகளும் கோல்ஷுக்குப் பொருத்தம். பூவில் இருக்கும் கசப்பு அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. நீண்ட நேரம் கொதித்தால்தான் வடிவம் மாறிக் கரைந்து கசப்பு தரும். வாசனை எண்ணெயோ கொதியில் பறந்துவிடும். ரசம் வைக்கும்போது புளியைத் தொடக்கத்திலும் கொத்தமல்லியை இறக்கும் நேரத்திலும் போடுகிறோமே, அந்தக் கணக்குதான். ஆகவே கொதி முடிய 60 நிமிடம் இருக்கும்போது 40 கிராம், கசப்புக்கு. 15 நிமிடம் இருக்கும்போது இன்னொரு 15 கிராம், மணத்துக்கு. இது 4 சதவீதக் கசப்பு அமிலம் உள்ள ஹாப்ஸுக்கான கணக்கு. பாக்கெட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கும். புளிப்பேற்றும் பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்கி வைப்பதும் ஹாப்ஸின் வேலை.

5. ஆற்றுதல், சுத்தம்

கொதி நின்றதும் 16 டிகிரி வரை வேகமாக ஆற வேண்டும். காய்ச்சிய பாலைக் குளிர்ந்த நீர்த் தட்டில் வைப்பதுபோல, பாத்திரத்தை ஐஸ் நீரில் வைக்கலாம். அல்லது உள்ளே ஒரு செம்புச் சுருள்குழாயை இறக்கி அதன் வழியே குளிர்ந்த நீரை ஓடவிடலாம்.

இங்கிருந்து சுத்தம்தான் எல்லாம். இட்லி மாவு பல வகைப் பாக்டீரியாக்களையும் ஈஸ்ட்டையும் சேர்த்தே வரவேற்கும்; அந்தப் புளிப்புத்தான் அதன் சுவை. கோல்ஷுக்கு அழைப்பு ஒரே ஒரு விருந்தாளிக்கு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் என்ன ஆகுமோ அதுவே, கழுவாத குழாயோ மூடியோ ஆறிய வோர்ட்டில் பட்டாலும் ஆகும். கொதிக்குப் பிறகு தொடுகிற ஒவ்வொரு பொருளையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநீக்கி நீரில் முக்கி எடுக்க வேண்டும்.

ஆறிய வோர்ட்டில் காற்று இருக்காது, கொதியில் போயிருக்கும். ஈஸ்ட் பெருகத் தொடக்கத்தில் மட்டும் ஆக்சிஜன் தேவை. ஆகவே டீ மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்கப் புளிக்கவைக்கும் பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதற்குப் பிறகு கடைசிவரை காற்று பீருக்கு எதிரி.

6. உறை ஊற்றும் நேரம்

1516-ல் பவேரியா போட்ட புகழ்பெற்ற பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டுமே சொல்கிறது. ஈஸ்ட் ஓர் உயிர் என்று அன்று எவருக்கும் தெரியாது. பீரைப் பற்றி லூயி பாஸ்டர் தனி நூலே எழுதியது 1876-ல். பெயர் தெரியாமலேயே நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் அதற்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள்.

பீர் ஈஸ்ட்டில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. இளஞ்சூட்டில் வேலை செய்பவை ஏல் தரும், குளிரில் வேலை செய்பவை லாகர் தரும். கோல்ஷ் ஈஸ்ட் ஏல் குடும்பம். ஆனால் 15, 16 டிகிரிக் குளிர்ச்சியிலும் சோம்பாமல் வேலை செய்யும். கொலோனின் தனித்தன்மையே இதில்தான் இருக்கிறது: ஏல் ஈஸ்ட்டைக் குளிர்ந்த பக்கம் ஓட்டி, பிறகு லாகரைப் போலவே குளிரில் ஓய்வெடுக்க வைப்பது.

தயிருக்கு உறை ஊற்றும்போது பால் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துத் தூவிவிட்டு மூடுங்கள். மூடியில் தண்ணீர் நிறைந்த ஒரு வளைவுக் குழாய் இருக்கும். உள்ளே உண்டாகும் வாயு குமிழாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. கைகழுவும் தொட்டிக்கு அடியில், துர்நாற்றம் மேலே வராமல் நீர் தேங்கித் தடுக்கிறதே, அந்த வளைவு செய்யும் வேலைதான்.

மறுநாள் பார்த்தால் மேலே கிரீம் நிறத்தில் தடித்த நுரை எழும்பியிருக்கும், நடுநடுவே பழுப்புத் திட்டுகளுடன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எடைக்கு ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அப்போது அதுவே சூட்டையும் கிளப்பும். அறை 16 டிகிரியில் இருந்தாலும் உள்ளே 19, 20 வரை போகலாம். ஆகவே பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உறைந்த நீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். சூடு ஏறினால் பழ வாசனை மிஞ்சிவிடும்; கோல்ஷில் அது இருந்தும் இல்லாததுபோல இருக்க வேண்டும்.

முடிந்ததா என்பதைக் குமிழை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதுபோல இதற்கும் ஒரு பதம் உண்டு. அதைப் பார்க்கும் கருவி ஹைட்ரோமீட்டர். தொடக்கத்தில் 1.045-ஐ ஒட்டி இருந்த அடர்த்தி, வாரம் பத்து நாளில் 1.009-ஐ ஒட்டி வந்து நிற்கும். அப்படியானால் ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம். இறங்கி முடியப்போகும்போது இரண்டு நாள் மட்டும் 18, 19 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஈஸ்ட் தான் வெளியே விட்ட வெண்ணெய் வாசனைப் பொருளைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

7. தெளிவு

பிறகு 1 முதல் 4 டிகிரி வரையான குளிரில் மூன்று, நான்கு வாரம். கலக்கிய ரசத்தை அசையாமல் வைத்தால் மேலே தெளிவு நிற்கிறதே, அதேபோல ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படியும். சுவையின் முரட்டு ஓரங்களும் தேயும். முதல்முறை காய்ச்சுபவர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். கறுப்பு பீரில் வறுத்த மால்ட் சின்னக் குறைகளை மறைத்துவிடும். கோல்ஷில் மறைக்க எதுவும் இல்லை.

8. பாட்டிலில் சோடா

அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நின்றிருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். இல்லையென்றால் மீதிச் சர்க்கரையும் உள்ளே புளித்துப் பாட்டில் வெடிக்கும். லிட்டருக்கு 6 கிராம் என்ற கணக்கில் 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, வண்டலை விட்டு மேலாகக் குழாயில் இறக்கிய பீரில் மெதுவாகக் கலந்து, பாட்டிலில் நிரப்பி மூடுங்கள். தெளிந்த பீரிலும் மிச்சம் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும். கோலி சோடாவில் இயந்திரம் ஏற்றும் வாயுவை இங்கே ஈஸ்ட் ஏற்றுகிறது. அறைச் சூட்டில் இரண்டு வாரம் போதும், பிறகு குளிர்பெட்டி.

9. கோப்பையைப் படிப்பது

கொலோனில் இதை 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான நேர்க் கோப்பையில்தான் தருவார்கள். நுரை அடங்கும் முன், குளிர்ச்சி போகும் முன் குடித்துவிட வேண்டிய பீர் இது. கோப்பை காலியானால் பரிமாறுபவர் கேட்காமலே அடுத்ததை வைப்பார். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன்மேல் வைத்துவிட வேண்டும்.

நீங்களும் சிறிய கோப்பையில் ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வாசனை வந்தால் கடைசி இரண்டு நாள் சூட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். முட்டைக்கோஸ் என்றால் கொதி போதவில்லை. வாழைப்பழம் தூக்கலாக இருந்தால் புளிக்கும்போது சூடு ஏறியிருக்கிறது. புளிப்பு என்றால் சுத்தத்தில் குறை. நனைந்த அட்டையின் வாசனை என்றால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று கலந்திருக்கிறது. நாக்கில் துவர்த்தால் உமிக்கு மேல் ஊற்றிய நீரின் சூடு அதிகம். எது என்று குறித்துக்கொண்டு, அடுத்தமுறை அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் எந்த மாற்றம் எந்தச் சுவையைத் தந்தது என்று உங்களுக்கே தெரியும். அது தெரிந்த பிறகு செய்முறைத் தாளை நம்பி நிற்க வேண்டியதில்லை.